திறந்த யன்னலும் திருவிழா ஒலிபெருக்கியும்

சண்டிலிப்பாயின் வெக்கைக்கு யன்னலை அடைத்துவிட்டுப் படுக்க முடியாது. பகல் முழுதும் வெயில் ஏறிய கொங்கிறீற் கூரை இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு யன்னலும் எதிர்ச்சுவரில் ஒரு திறப்பும் இருந்தால் சூடு தணியும். அந்த யன்னலை மறைத்து அலுமாரியை நிறுத்திவிட்டுக் குளிரூட்டிக்குக் காசு கொட்டுவோர் பலர்.

திறந்த யன்னலால் நுளம்பும் வரும். அதற்கு வலைதான் வழி; நுளம்புத்திரி அல்ல. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று சொன்னது. பூட்டிய அறையில், அதுவும் குழந்தையின் தலைமாட்டில், திரி கொளுத்தவே கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் மாரி காலத்தில் மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்போர் வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் செருகவேண்டும். கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைக் கடிக்கும் பாம்பு. கடிவாய் பெரும்பாலும் வீங்காது, நோவும் குறைவு. சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இவ்வளவும் வீட்டுக்காரர் கையில் உள்ளவை. வேலிக்கு அப்பாலிருந்து வரும் ஒலிபெருக்கி அப்படியல்ல. அதற்குச் சட்டம் வேண்டும், சட்டமும் இருக்கிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இட்ட பணிப்பு எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். அதன்படி, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்கீழ் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. விசேட சமய நாளுக்கு விலக்களிப்பதானால், முதலில் அயலவரின் கருத்தைக் கேட்டுப் பதியவேண்டும். அனுமதியை உடனே நீதவானுக்கு அறிவிக்கவும் வேண்டும். பகலிலும் ஓசை ஒலிபெருக்கி உள்ள வளவைத் தாண்டக்கூடாது.

சனங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். திருவிழா தொடங்கியபின் தர்மகர்த்தாவிடம் வாய்ச்சொல்லாக முறையிடுவார்கள். பொறுக்காதபோது நள்ளிரவில் 119க்கு அழைப்பார்கள். பொலிஸ் வந்தால் ஓசை குறையும், போனால் கூடும். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாது. அடுத்த வருடமும் அதே கூத்து. அயலவரின் கருத்து அனுமதிக்கு முன்னரே பதியப்படவேண்டியது; ஆகவே கடிதமும் கொடியேற்றத்துக்கு முன்னரே போய்ச்சேரவேண்டும். மானிப்பாய் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதும் அக்கடிதத்தில் வீட்டு முகவரி, ஒலிபெருக்கி இருக்கும் தூரம், கடந்தமுறை ஒலித்த திகதி, மணி, வீட்டிலுள்ள நோயாளர், பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஆகிய விபரங்கள் இருக்கட்டும். கோயிலுக்கு விரோதி என்ற பெயருக்கு அஞ்சுவோர் தனியே எழுதாமல் ஐந்தாறு வீட்டாராகச் சேர்ந்து ஒப்பமிடலாம். பிரதிகள் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கும் சண்டிலிப்பாய் பிரதேச செயலகத்துக்கும் போகவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பிரதியில் திகதி முத்திரை வாங்கவேண்டும். மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருக்கவேண்டும்.

அதையும் மீறி ஒலித்தால் 119க்கு அழைத்த நேரத்தைக் குறித்துவைத்து, மறுநாட் காலையே நிலையத்தில் எழுத்துமூல முறைப்பாடு பதியவேண்டும். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வரக்கூடாது. “கோயில் விசயம்தானே, விடுங்கோ” என்று மேசைக்குப் பின்னாலிருந்து வரும் உபதேசம் சட்டத்தில் எங்கும் இல்லை. அனுமதி கொடுக்கப்பட்டதா, யாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம்; 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லையை நிறுத்த நீதவானிடம் போகவும் வழியுண்டு. இலக்கமும் முத்திரையும் இல்லாதவருக்கு இவற்றில் ஒன்றுமே நின்றுபிடிக்காது.

ஆலை, பட்டறை இரைச்சலுக்குப் பாதை வேறு. 1996ஆம் ஆண்டு ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் இரவு எல்லை 45 டெசிபல். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் யாழ். மாவட்ட அலுவலகத்திடம் ஓசையை அளக்கக் கோரவேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச சபையிடம் கேட்கவேண்டும்.

பொலிஸ் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகத்தில் ஒரு மாதத்துக்குள் முறையிடவேண்டும். உயர் நீதிமன்ற அடிப்படை உரிமை மனுவுக்கும் அதே ஒரு மாதம்தான். காலத்தோடு ஆணைக்குழுவுக்குப் போனவருக்கு, அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேரா.