ஐ.பி. முகவரியும் அதன் தவணையும்

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனை, வருவோரும் போவோரும் மிகுந்த இடமாகும். அத்தகைய இடத்தில் கம்பியில்லா வலையமைப்பு ஒன்றை நிறுவுவதாகக் கொள்க. அதில் சேரும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்த ஐ.பி. முகவரி வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியில் டி.எச்.சி.பி. முறையை இயக்கினால் அது தானே வழங்கப்படும்.

1993-இல் வகுக்கப்பட்ட இம்முறையில், முகவரி குறித்த தவணைக்கே அளிக்கப்படுகிறது. சிறிய வலையமைப்பு ஒன்றில் பயன்படும் முகவரிகள் 254. கருவிக்கு ஒன்று போக, எஞ்சுவன 253. தவணை ஒரு நாளாயின், காலையில் வந்து சென்றோரின் முகவரிகள் மறுநாள் வரை முடங்கிக் கிடக்கும். முற்றம் வெறிச்சோடியிருப்பினும் 254-ஆவது பயணி இணைப்புப் பெறார். தவணையை ஒரு மணி நேரமாகக் குறைப்பின் அவை விரைவில் மீளும். தங்கியிருப்போரின் கைப்பேசிகள் பாதித் தவணையிலேயே தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஆகவே, மக்கள் தங்கும் நேரத்தைக் கணக்கிட்டே தவணையை அமைத்தல் வேண்டும்.