பிள்ளைகளும் விஞ்ஞானப் பாடமும்

நம் பிள்ளைகளிற் பலர் விஞ்ஞானப் பாடமென்றால் அஞ்சுகின்றனர். இதற்குக் காரணம் புத்திக் குறைவன்று. கண்ணாற் காணாததை நெட்டுருப் போடுவதேயாம். இக்குறையை நீக்கவே 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயில்வோர் சோதனைகளைத் தாமே செய்து பார்க்க வழிசெய்தது.

உத்திரமேரூர் வட்டாரத்துப் பெற்றோராகிய நமக்கும் இதில் கடமையுண்டு. ஆண், பெண் இருபாலாரையும் பால் சங்கத்திற்கு அழைத்துச் சென்று பால்மானியைக் காட்டுங்கள். தண்ணீர் பாலைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே தண்ணீர் கலந்த பாலில் மானி அதிகம் அமிழும். ஏடெடுத்த பாலிலோ மானி உயர்ந்து நிற்கும். ஆதலால் கொழுப்பையும் தனியே சோதிக்கின்றனர். இவற்றை நேரிற் கண்ட பிள்ளை பாடத்தை மறவாது. வளர்ந்தபின், தன் பாலுக்குரிய விலை சரியாவென்று கேட்கவும் அஞ்சாது.