விரிசல் போட்ட வலை

கைபேசித் திரையில் விரல் பட்டதும் அது உணர்ந்துகொள்கிறதே, அதற்குக் காரணம் திரைக்குள் இருக்கும் மின்சாரம் ஓடும் படலம். நாம் படிக்கும் எழுத்துக்கும் நம் கண்ணுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது, இருந்தும் தெரிவதில்லை. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளியை விடும் கண்ணாடியோ மின்சாரத்தை விடாது. இரண்டையும் விடுகிற படலத்துக்கு ஒளிபுகும் மின்வாய் என்று பெயர்.

இன்று பெரும்பாலான திரைகளில் இந்த வேலையைச் செய்வது இண்டியம் டின் ஆக்ஸைடு. பத்தில் ஒன்பது பங்கு இண்டியம் ஆக்ஸைடு, ஒரு பங்கு டின் ஆக்ஸைடு. தலைமுடியின் தடிமனில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு பூசினாலே போதும். ஆனால் அது பீங்கான் இனம். 10 சென்டிமீட்டர் துண்டை 2 மில்லிமீட்டர் இழுத்தால் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட இடத்தில் மின்சாரம் அறுந்துபோகும். மடிக்கிற திரைக்கும் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் கருவிக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஜி.யு. குல்கர்னியின் குழு 2014 வாக்கில் ஒரு வழியைக் காட்டியது. எந்த விரிசல் பழைய படலத்தைக் கெடுத்ததோ, அதையே இவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலில் பிளாஸ்டிக் தாளின் மேல் அக்ரிலிக் பிசின் துகள்கள் கலந்த திரவத்தை மெல்லியதாகப் பூசுகிறார்கள். திரவம் ஆவியாக ஆவியாகப் பூச்சு சுருங்கப் பார்க்கிறது. அடியில் இருக்கும் தாள் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுவிசை ஏறி, தாங்க முடியாத இடத்தில் பூச்சு வெடிக்கிறது. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

அந்த வெடிப்புகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். கிளை விரிசல் தாய் விரிசலை ஏறக்குறைய செங்கோணத்தில் போய் முட்டி நிற்கும். விரிசல் திறந்ததும் அதற்குக் குறுக்கே இருந்த இழுவிசை தளர்ந்துவிடுகிறது. விரிசலின் ஓரத்தை ஒட்டி, அது போகும் திசையிலேயே உள்ள இழுவிசை மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த விரிசல் அந்த மிஞ்சிய விசைக்குக் குறுக்காகத்தான் ஓட முடியும். ஆகவே பழையதைச் செங்குத்தாக முட்டி, அங்கேயே முடிகிறது. பூச்சின் தடிமன் சரியாக இருந்தால், பாதியில் தொலைந்துபோகும் விரிசல்கள் மிக அரிது. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வலையாகிவிடுகின்றன. யாரும் வரைபடம் போடவில்லை. சில்லுத் தொழிற்சாலையில் விலையுயர்ந்த ஒளி அச்சு இயந்திரங்கள் செய்வதை, இங்கே காய்கிற பூச்சே செய்து முடிக்கிறது. எனக்கு இந்த முறையில் ஆகப் பிடித்தது இதுதான்.

கட்டுப்பாடு தடிமனில் இருக்கிறது. பூச்சு மிக மெல்லியதாக இருந்தால் விரிசலே விடாது. தடிமன் கூடக் கூட விரிசல்கள் அகலமாகி, இடைவெளியும் கூடும்.

அடுத்து, வெற்றிடக் கலத்தில் வெள்ளியையோ தாமிரத்தையோ ஆவியாக்கி அதன்மேல் படியவிடுகிறார்கள். விரிசலுக்குள் விழுந்த உலோகம் தாளில் ஒட்டுகிறது. மற்றது பூச்சின் மேலேயே நிற்கிறது. கரைப்பானில் கழுவினால் பூச்சு மேலிருந்த உலோகத்தையும் கொண்டுபோய்விடும். தாளில் உலோக வலை மட்டும் மிஞ்சும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பியின் அகலம் 2 மைக்ரான், 40 மைக்ரானுக்கு ஒரு கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 5 சதவீதம், குறுக்குவாக்கில் 5 சதவீதம், ஆக 10 சதவீதப் பரப்பு மறைகிறது. மீதி 90 சதவீதம் திறந்த வெளி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புத்தகம் படிக்கும் தூரத்தில் நம் கண் பிரித்தறிவது ஏறத்தாழ 100 மைக்ரான் வரைதான். எனவே வலை கண்ணில் படாது.

ஒழுங்கில்லாமல் இருப்பதும் இதற்கு ஒரு பலம். சீரான கட்டம் போட்ட வலையைத் திரையின் மேல் வைத்தால், திரையின் புள்ளிக் கட்டங்களோடு சேர்ந்து கண்ணை உறுத்தும் அலைக்கோலங்கள் தோன்றும். தாறுமாறான விரிசல் வலையில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு மாற்றான வெள்ளி நானோகம்பிகளில், தனித்தனிக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மின்சாரத்துக்குத் தடை ஏற்படுகிறது. இங்கே சந்திகளும் கம்பிகளும் ஒரே வார்ப்பு.

குறையும் உண்டு. மேலே போட்ட கணக்கின்படி, ஆவியாகப் படிந்த உலோகத்தில் பத்தில் ஒன்பது பங்கு கழுவலோடு போய்விடும். அதைத் திரும்ப எடுக்கலாம் என்றாலும் வேலை கூடும். அதனால் அதே குழு விரிசலுக்குள் பலேடியம் வித்துகளைத் தூவி, கரைசலிலிருந்து தாமிரத்தை அவற்றின்மேல் வளரச் செய்தது. வெற்றிடக் கலம் தேவைப்படவில்லை.

பிசினைத் தெளித்தும் பூசலாம் என்பதால் வளைந்த கண்ணாடியும் இதற்குத் தடையில்லை. அப்படிச் செய்த கண்ணாடியின் வலையில் சில வோல்ட் மின்சாரம் செலுத்தினால் அது சூடாகும். மேலே படிந்த பனி உருகி வழியும், கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.