கடலோரக் கண்களும் கார்னியாவின் தொடு உணர்வும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கரையில் மீன்பிடிப்போரின் கண்கள், நேர் வெயிலையும் நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவதால், ‘கண்ணில் சதை வளர்வது’ என்று மக்கள் சொல்லும் டெரிஜியத்திற்கு எளிதில் ஆளாகின்றன. வெண்விழியைப் போர்த்திய சவ்வு, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து தடித்து, கருவிழிக்கு முன்னுள்ள ஒளிபுகும் படலமாகிய கார்னியாவின்மேல் முக்கோணமாகப் படர்வதே இந்நோய். வளர்ச்சியை அகற்றி, அவ்விடத்தை மேலிமைக்கடியில் எடுத்த சவ்வுத் துண்டால் மூடினால், அது மீண்டும் முளைப்பது பெரிதும் குறைகிறது.

அதற்குப் பின் நடப்பது பரவலாகப் பேசப்படுவதில்லை. இரத்தக்குழாய் இல்லாத கார்னியா, உடலிலேயே நரம்பு நுனிகள் மிக அடர்ந்த திசுக்களுள் ஒன்று. இமைப்பையும் கண்ணீரையும் தூண்டுவதோடு, மேற்பரப்புச் செல்களைப் பேணி, புண்ணை ஆற்றுவதும் அந்த நரம்புகளே. டெரிஜியத்தால் மங்கும் கார்னியாவின் தொடு உணர்வு, அறுவையில் நரம்பிழைகள் வெட்டுண்ட பின், அவை மெல்ல வளர்வதற்கேற்ப மாதக்கணக்கில்தான் மீள்கிறது. இதை அளக்க, கோஷே-பொன்னே கருவியின் மெல்லிய நைலான் இழையால் மருத்துவர் கார்னியாவைத் தொடுகிறார். இழை நீளமாக இருக்கையில் தொடுகை மென்மையாகும், உணர்வு தெரியும்வரை அதைப் படிப்படியாகக் குறுக்குகிறார்.

உணர்வு குறைந்த கண்ணில் மணல் விழுந்தாலும் உறுத்தாமல் போகலாம் என்பதால், வலி இல்லை என்பதைக் குணமானதற்கு அடையாளமாகக் கொண்டு உடனே கடலேறுவது ஆபத்தானது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இக்கரையிலிருந்து எட்டிவிடும் தொலைவில்தான் உள்ளது. சொட்டுமருந்தையும் மறுபரிசோதனையையும் தவறவிடாமல், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியுடன் படகேறுவதே தக்கது.