திரையில் ஒரு கரும்புள்ளி

புதுக் கணினி ஒன்று வந்திறங்கும் நாள் எந்த வீட்டிற்கும் ஒரு சிறு விழாநாளே. தந்தையார் சீட்டு எடுத்த பணமோ, தாயார் காப்பை அடகு வைத்துப் பெற்ற பணமோ அதில் அடங்கியிருக்கும். எல்லோரும் சூழ்ந்து நிற்கத் திரை ஒளிர்கின்றது. அவ்வேளையில் வீட்டின் கடைக்குட்டி, "மூலையில ஒரு பூச்சி இருக்குது அப்பா" என்று விரல் நீட்டுகின்றது. துடைத்துப் பார்க்கின்றார்கள், போகவில்லை. அது பூச்சியன்று. திரையை ஆக்கிய எண்ணற்ற படப்புள்ளிகளுள் ஒன்று செத்துக் கிடக்கின்றது. பிக்சல் என்று கணினியுலகம் வழங்குவது இப்புள்ளியைத்தான்.

எண்ணற்ற என்றோம், எண்ணியே பார்க்கலாம். இன்று பெரிதும் வழக்கிலுள்ள திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 புள்ளிகள் உள. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகளால் ஆனது. ஆகவே மொத்தம் 62,20,800 துணைப்புள்ளிகள். திரவப் பளிங்குத் திரையில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணிய திரான்சிற்றர் காவல் நிற்கின்றது. நமது கந்தளாய்க் குளத்தின் துருசை நினைத்துக்கொள்க. துருசைத் திறந்தால் வாய்க்காலில் நீர் பாயும், மூடினால் நிற்கும். திரையின் பின்னே எப்பொழுதும் ஒளி தேங்கி நிற்கின்றது. மின்னழுத்தத்திற்கேற்பத் திரவப் பளிங்கின் மூலக்கூறுகள் திசைமாறி, அவ்வொளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. துருசு திறந்தபடியே இறுகிவிட்டால், சிவப்போ பச்சையோ ஒரு நிறப்பொட்டு அணையாமல் எரியும். அது சிக்கிய புள்ளி. மூன்று துருசுகளும் மூடியபடியே கிடந்தால் அங்கே இருள். அதுவே இறந்த புள்ளி.

இத்திரவப் பளிங்கின் வரலாறு சுவையானது. 1888 ஆம் ஆண்டில் பிராக் நகரிற் பணிபுரிந்த ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் றைனிற்சர், கரட் கிழங்கிலிருந்து பெற்ற ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டு வியந்தார். 145.5 பாகை சதமத்தில் அது கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. இடைப்பட்ட அந்நிலையே திரவப் பளிங்கு. நெடுங்காலம் கோல் வடிவ மூலக்கூறுகளே இந்நிலையை அடையும் என்று கருதப்பட்டது. 1977 இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில், சர் சி. வி. இராமனின் சகோதரி மகனாகிய சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் அவருடன் உழைத்தோரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் இவ்வாறு அமையுமெனக் காட்டினர். (1983 இல் நோபல் பரிசு பெற்ற வானியலறிஞர் சந்திரசேகர் வேறொருவர், இராமனின் சகோதரர் மகன். மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.) பக்கவாட்டிலிருந்து நோக்கினும் திரை மங்காதிருக்கப் பயன்பட்ட மென்படலங்கள் அத்தட்டு வடிவப் பளிங்குகளிலிருந்தே பிறந்தன.

இனி, வாங்கியவர் நிலை யாது? எம் மாணவர் ஒருவர், கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, வாங்கிய மறுநாளே திரையைக் கடைக்குக் கொண்டு சென்றார். "ஒரு புள்ளி குறையாகாது, தம்பி" என்று திருப்பியனுப்பிவிட்டனர். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யன்று என்பதே இதிலுள்ள வேடிக்கை. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சர்வதேச நியமம் திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் புள்ளிகளுக்கு எப்பொழுதும் எரியும் புள்ளி இரண்டு, எப்பொழுதும் இருண்ட புள்ளி இரண்டு, பழுதான துணைப்புள்ளி ஐந்து வரை அனுமதிக்கப்பட்டன. நாம் மேலே கணக்கிட்ட திரைக்கு இது நான்கு, நான்கு, பத்து என்றாகும். 2008 இல் வேறொரு நியமம் அதனிடத்தைப் பெற்றதாயினும் வகுப்புமுறை நீங்கவில்லை. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட துருசுகளில் ஒன்றுகூடப் பழுதுபடலாகாது என்றால் விலை ஏறும் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் இவ்விதியைப் பணம் வாங்குமுன் சொல்லாது, குறையோடு வந்த பிள்ளையிடம் சொல்வது வியாபார நேர்மையாகாது.

ஆதலின் கடையிலேயே திரையை ஏற்றச் செய்து, முழுத்திரையிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்தையும் தனித்தனியே காட்டும்படி கேளுங்கள். கறுப்பில் சிக்கிய புள்ளி தெரியும். வெள்ளையில் இறந்த புள்ளி தெரியும். எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குதல் நலம்.

வீட்டிற்கு வந்தபின் புள்ளி தோன்றினால் முதலில் திரையை அணைத்து, சற்றே ஈரமான மென்துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். உவர்க்காற்று வீசும் நமது கடற்கரைப் பகுதியில் உப்பும் தூசியும் படிந்து ஏமாற்றுவதுண்டு. கண்ணாடி துடைக்கும் மருந்தும் ஓடிக்கொலோனும் வேண்டா. சிக்கிய புள்ளியாயின் நம்பிக்கைக்கு இடமுண்டு. நிறங்களை மிக விரைவாக மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளியுள்ள இடத்தில் அவற்றைச் சில மணிநேரம் ஓடவிட்டால், சிலவேளை அது விடுபடும். வலிப்பு நோயுள்ளோர் அம்மினுக்கத்தைப் பார்த்தலாகாது. விரலால் அழுத்திச் சரிசெய்யலாம் என்பாரும் உளர். ஒரு புள்ளிக்காக அழுத்தி ஒன்பது புள்ளியைக் கொல்லும் வைத்தியம் அது. இறந்த புள்ளிக்கோ மருந்தில்லை. திரைப்பலகையை மாற்றலாம், அச்செலவில் ஏறக்குறையப் புதுத்திரையே வாங்கிவிடலாம். ஓரத்திலுள்ள ஒரு புள்ளியாயின் நாளடைவில் கண் அதனை மறந்துவிடும்.

ஆனால் எல்லாத் திரைகளிலும் புள்ளி அற்பமன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, அவற்றின் வருகையை முன்னறிவித்தது இங்கிருந்த இராடார். இன்று நமது துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல்களில் காகித வரைபடத்தின் இடத்தை மின்னணு வரைபடத் திரை பிடித்துள்ளது. சர்வதேசக் கடற்பயணக் கப்பல்களுக்கு 2012 முதல் 2018 வரை படிப்படியாக அது கட்டாயமாக்கப்பட்டது. அத்திரையில் தோன்றும் பொட்டு பாறையா, பழுதா? வரைபடத்தை நகர்த்தினால் விடை கிடைக்கும். பாறையின் குறி வரைபடத்தோடு நகரும். இறந்த புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். வீட்டிலும் இவ்வாறே அறியலாம். ஒளிப்படத்தை நகர்த்தும்போது புள்ளியும் உடன் நகர்ந்தால் குறை படத்திலேயே உள்ளது. திரையைச் சுமந்துகொண்டு கடைக்கு நடக்க வேண்டியதில்லை.