பத்திய நாய்க்குப் பலகாரம் எது?

கொல்லையைக் காக்கிற நாய்க்கு நோய் கண்டு, டாக்டர் பத்திய உணவு எழுதிக் கொடுத்திருப்பார். அதை வேளை தவறாமல் போடுவோம். நடுவே, "பாவம், வாயில்லாத ஜீவன்" என்று எதையாவது நீட்டிவிடுவோம். பத்தியம் கெடுவது அங்கேதான்.

காஞ்சிபுரம் கோயில் இட்லியில் நெய்யும் மிளகும் சேரும். கணைய வீக்கம் கண்ட நாய்க்கு நெய்ப் பண்டம் ஆகாது. வாந்தியும் வயிற்றுவலியும் திரும்ப வரும். சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற உலர்திராட்சை எந்த நாய்க்குமே விஷமாகலாம்; சிறுநீரகமே செயலிழந்துவிடலாம். வெங்காயம், பூண்டும் கூடாது. இரத்தச் சோகை வரும்.

சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குக் கருவாடு, எலும்பு, பால் வேண்டாம். உப்பும் பாஸ்பரசும் நோயை முற்றவைக்கும். ஒவ்வாமையைக் கண்டறியச் சோதனைப் பத்தியம் வைத்தால், குறைந்தது 8 வாரம் அரை பிஸ்கட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் என்னதான் கொடுக்கிறது? பத்திய உணவின் அன்றாட அளவிலிருந்தே ஒரு பிடியைக் காலையில் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். பிள்ளைகளானாலும் தறியில் இருப்பவரானாலும் அதிலிருந்தே கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

டாக்டர் சம்மதித்தால் வெள்ளரி, பீன்ஸ், விதை நீக்கிய ஆப்பிள் கொஞ்சம் கொடுக்கலாம். மூத்திரக்கல் உள்ள நாய்க்கு அதையும் கேட்டே கொடுங்கள். பலகாரம் மொத்தமும் நாளைய உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாத்திரையை வைத்துக் கொடுக்கிற வாழைப்பழமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.