ஆவுளியா (கடற்பசு)

கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. 3 மீட்டர் நீளம் வரை வளரும். 70 ஆண்டுகள் வரை வாழும்.

மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வரும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் இறந்துவிடும். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே, குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக்கின் வனுவாட்டு வரை காணப்படும் இவ்வினம், உலக அளவில் அழியும் ஆபத்துள்ளவற்றில் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளித்துவருகிறது.